மேனேஜர் முழிக்கிறார்

மார்ச் 4

அன்புத் தம்பி வாலுவுக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். உன் அத்தானுக்கு முழங்கால் வலிதான் விட்டபாடில்லை. நீ கடைசியாக வீட்டுக்கு வந்தது எப்போது என்று கேட்டால் உனக்கே தெரியாது. அந்தச் சண்டையை நேரில் வைத்துக்கொள்கிறேன்.

போன் பண்ணாமல் ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் எதைக் கேட்டாலும் சிரிக்க வைத்துவிட்டு நழுவிவிடுவாய். காகிதத்தில் அது நடக்காது.

வியாழக்கிழமை டிவியில் உன் தொடரைப் பார்த்தோம். மேனேஜர் வேஷத்தில் மேஜை இழுப்பறையைத் திறந்துவிட்டு, எதற்குத் திறந்தோம் என்று தெரியாமல் நின்றாயே, அத்தானுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன் கட்டைவிரல் சட்டைப் பொத்தானைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. பள்ளிக்கூட மேடையில் பாட்டு மறந்துபோனபோதும் அப்படித்தான் தேய்த்தாய். பிய்ந்துபோன பொத்தானைத் திரும்பத் தைத்தவள் நான்தான்.

அது நடிப்புதானே? ஆமாம் என்று ஒரு வரி எழுதிவிடு, நிம்மதியாகத் தூங்குவேன்.

உன் அக்கா


மார்ச் 12

அக்கா,

நீ கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டுதான் டிவி பார்க்கிறாய் போல. ஊரே பார்க்கும் தொடரில் பொத்தானைப் பார்த்தவள் நீ ஒருத்திதான்.

நடிப்பு இல்லை. அடுத்த வரி என்னவென்று தெரியவில்லை. அதை எழுதியவனும் நான்தான். வேறு யாராவது எழுதியிருந்தால் அவனைத் திட்டலாம். நானே எழுதி, நானே நடித்து, நானே தயாரித்தால் யாரைப் பிடித்துத் திட்டுவது?

கேமராக்காரர் தோள் குலுங்கச் சிரித்தார். டைரக்டர் ஓடிவந்து, "அண்ணே, அந்த கேப் பிரமாதம்ணே. எங்கேருந்து புடிச்சீங்க?" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். நானும் பெரிய யோசனை மாதிரிச் சிரித்து வைத்தேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது. என்னோடு சேர்ந்து எழுதும் பெண் இப்போது ஒவ்வொரு காட்சியிலும் 'மேனேஜர் முழிக்கிறார்' என்று சேர்த்துவிடுகிறாள். அந்த இடங்கள்தான் சேனல்காரர்களுக்கு ரொம்பப் பிடிக்கிறதாம். எது எழுதிவைத்த முழி, எது நிஜ முழி என்று எனக்கு மட்டும்தான் தெரியும். சில நாள் எனக்கும் தெரிவதில்லை.

பயமாக இருக்கிறது அக்கா. நேற்று மேக்கப் அறைக் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து என் பெயரை நானே சொல்லிப் பார்த்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லாதே, அத்தானிடமும்.

வாலு


மார்ச் 19

தம்பி,

உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்பாவைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். நீயும் நினைத்திருப்பாய், எழுதப் பயந்திருப்பாய்.

ஒருநாள் ஆபீஸ் விட்டு வந்து வாசலில் நின்றுகொண்டு, அம்மாவைப் பார்த்து, "உங்களுக்கு யாரைப் பார்க்கணும்?" என்று கேட்டாரே. எப்போதும் கேலி பேசுகிற மனிதர். நாம் விழுந்து விழுந்து சிரித்தோம், அம்மாவும்தான் சிரித்தாள். அது கேலி இல்லை என்று நமக்கு உறைக்க எவ்வளவு காலம் ஆயிற்று.

டாக்டரிடம் போவோம், வா. நானே கூட்டிக்கொண்டு போகிறேன். வெறும் தூக்கக் குறைவாகக்கூட இருக்கலாம். வெளியே தெரிந்தால் மானம் போய்விடும் என்று வீம்பு பிடிக்காதே.

அக்கா


மார்ச் 27

அக்கா,

இப்போது முடியாது. அடுத்த மாதம் தொடரை அரங்கத்தில் ஆட்களை வைத்து நேரலையாக நடத்துகிறோம். தப்பு வந்தால் வெட்டி ஒட்ட வழியில்லை. அது நன்றாகப் போனால்தான் சேனல் மேலும் இரண்டு வருஷம் தரும். லைட் பிடிக்கிறவரிலிருந்து டீ போடுகிறவர் வரைக்கும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு கூட்டமே இருக்கிறது.

ஒன்று செய். முன்வரிசையில் உனக்கு ஒரு நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன். வசனம் முழுவதையும் இதோடு அனுப்புகிறேன், மனப்பாடம் பண்ணிக்கொள். நான் திணறினால் உன்னைப் பார்ப்பேன். பள்ளிக்கூட மேடையில் செய்தாயே, அந்த மாதிரி முதல் வார்த்தையை வாயசைத்துக் காட்டு.

அப்படியும் தடுமாறினேன் என்றால் அன்றோடு வேஷத்தைக் கழற்றிவிட்டு உன்னோடு டாக்டரிடம் வருகிறேன். தடுமாறினேனா இல்லையா என்று நீயே சொல். உன் மேல் சத்தியம்.

வாலு


ஏப்ரல் 26

தம்பி,

நேற்று முடிந்ததும் மேடைக்குப் பின்னால் வந்தேன். பூங்கொத்தும் கேமராவுமாக உன்னைச் சுற்றி ஒரே கூட்டம். கிட்டே வர முடியவில்லை. வருவதற்கு எனக்குத் தைரியமும் இல்லை என்று வைத்துக்கொள்.

நீ அனுப்பிய வசனத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். முதலில் இரண்டு தடவை என்னைப் பார்த்தாய். வாயசைத்தேன், உடனே பிடித்துக்கொண்டாய். அப்பாடா என்றிருந்தது. அப்புறம் அந்த ராஜினாமாக் காட்சியில் நின்றுவிட்டாய். என்னைப் பார்த்தாய். 'ஆகையினால்' என்று வாயசைத்தேன். மறுபடியும் அசைத்தேன். நீ மேடை விளிம்புக்கு வந்து குனிந்து கேட்டாய்: "ஏம்மா, நீங்க யாரு? ரொம்ப நேரமா வாயை அசைச்சுக்கிட்டே இருக்கீங்க, பல்லு வலியா?"

அரங்கமே அதிர்ந்தது. பக்கத்து நாற்காலிக்காரி என் தோளைத் தட்டி, "குடுத்து வச்சவங்க நீங்க" என்றாள். நான் உன் கட்டைவிரலைத் தேடினேன். கை கோட்டுப் பைக்குள் இருந்தது.

நீயே சொல் என்றாயே, என்னால் சொல்ல முடியவில்லையடா. அதுதான் நேற்றைக்குப் பெரிய ஜோக் என்று பேப்பரில் போட்டிருக்கிறார்கள். அந்த நேரத்தில் இட்டுக்கட்டியது என்றால் எழுது, நேரில் வந்து காதைத் திருகுகிறேன். இல்லையென்றாலும் எழுது.

அக்கா


மே 2

அக்கா,

சேனல்காரர்கள் வந்தார்கள். இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துக் கேட்டார்கள். நான் போடவில்லை. என்னோடு எழுதும் பெண்ணைக் கூப்பிட்டு, இனிமேல் தொடர் உன் பொறுப்பு, புது மேனேஜராக ஒருவரைத் தேடிக்கொள் என்றேன். "விளையாடாதீங்க சார்" என்று சிரித்தாள். என் வசனக் கட்டை எடுத்து அவள் கையில் வைத்தேன். அப்போதுதான் அவள் சிரிப்பை நிறுத்தினாள்.

பல் வலி நான் இட்டுக்கட்டியது. அதற்கு முன்னால் கேட்டது நிஜக் கேள்வி.

யாரோ ஓர் அம்மாள் என்னைப் பார்த்து வாயசைக்கிறாள் என்றுதான் இருந்தது. வாய் அதுபாட்டுக்கு ஜோக் அடித்துவிட்டது, அதற்கு அத்தனை வருஷப் பழக்கம். எல்லோரும் சிரித்தார்கள். நீ மட்டும் சிரிக்காமல், பயந்துபோய் உட்கார்ந்திருந்தாய். அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான், ஐயோ, இது அக்கா என்று தெரிந்தது. மிச்சக் காட்சியை எப்படி முடித்தேனோ, எனக்கு ஞாபகம் இல்லை.

திங்கட்கிழமை வா, டாக்டரிடம் போவோம். கதவைத் திறந்ததும் நான் எதையாவது கேட்டால், எவ்வளவு வேடிக்கையாகக் கேட்டாலும், நீ சிரித்துவிடாதே.

உன் தம்பி,
வாலு