பெருங்காயம் போடாத சாம்பார்

அன்புள்ள ஸ்டெல்லா அக்காவுக்கு,

இந்த "அன்புள்ள" என்ற வார்த்தையை எழுத எனக்குப் பதின்மூன்று வருடம் பிடித்திருக்கிறது. இப்போதும் முழு மனசோடு எழுதினேன் என்று சொல்ல மாட்டேன். உன்னை நான் பார்த்ததே இல்லை. மனசுக்குள் உன்னோடு சண்டை போட்டே பழகிவிட்டதால், அக்கா என்றாலும் நீ என்றுதான் வருகிறது. கோபித்துக்கொள்ளாதே.

நீ மஞ்சள் காமாலையில் போய் மூன்று வருடம் கழித்து, எண்பத்தைந்தில், உன் கணவருக்கு இரண்டாம் தாரமாக இரும்புலியூர் வீட்டுக்கு வந்தேன். உன் மகள் பியூலாவுக்கு அப்போது எட்டு வயது. வந்த அன்றே அவர் சமையலறை அலமாரியிலிருந்து ஒரு தடித்த நோட்டை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"கிரேஸ், பாப்பாவுக்குக் கோதுமை, மைதா, ரவை எதுவும் ஆகாது. துளி உள்ள போனாலும் வயிறு உப்பிக்கும், பேதியாகும். என்ன சமைக்கணும்னு எல்லாம் இதுல இருக்கு. ஸ்டெல்லா எழுதி வச்சது."

உன் பெயரைச் சொல்லும்போது அவர் குரல் எப்படி இறங்கியது தெரியுமா? என் பெயரை அவர் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

நோட்டைத் திறந்தேன். 'குளூட்டன் கூடாது' என்று டாக்டர் எழுதிய சீட்டு முதல் பக்கத்தில் ஒட்டியிருந்தது. அப்புறம் பக்கம் பக்கமாக, வாரப் பத்திரிகைகளின் சமையல் இணைப்புகளை வெட்டி ஒட்டியிருந்தாய். மைதா என்று அச்சாகியிருந்த இடமெல்லாம் அடித்து, பச்சரிசி மாவு, ஜவ்வரிசி மாவு, கேழ்வரகு என்று குண்டு குண்டான எழுத்தில் மாற்றியிருந்தாய். கிறிஸ்துமஸ் கேக்குக்குக் கீழே, 'முதல் தடவை கல். இரண்டாம் தடவையும் கல். மூன்றாவது தடவை பியூலா இன்னொரு துண்டு கேட்டாள்.' படித்ததும் எனக்கு வயிறு எரிந்தது. செத்துப்போனவள் மேல் பொறாமைப்படுவது எவ்வளவு கேவலம்! ஆனாலும் பட்டேன்.

சமைத்தது நான், பேர் உனக்கு. இடியாப்பத்துக்குச் சொதி வைத்தால், "சித்தி, அம்மா புக்ல தேங்காப்பால் கடைசியிலதான் ஊத்தணும்னு இருக்கு" என்பாள் பியூலா. மரியாதையாகத்தான் சொல்வாள். அதுதான் இன்னும் எரியும்.

உன் நோட்டில் இல்லாத ஒன்றையாவது அவளுக்குச் செய்து கொடுக்க வேண்டும் என்று ஒரு வெறி வந்தது. தாம்பரம் நூலகத்தில் இருந்த சமையல் புத்தகம் எல்லாவற்றையும் புரட்டினேன். கோதுமை ஆகாத குழந்தைக்கென்று ஒரு பக்கம்கூட இல்லை. ஸ்டேஷன் பக்கத்துப் பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த ஓர் ஆங்கில கேக் புத்தகம் கிடைத்தது. அகராதியை வைத்துக்கொண்டு, நீ செய்த மாதிரியே மாவை மாற்றி மாற்றிச் செய்து பார்த்தேன். அடுப்பிலிருந்து எடுத்ததும் நடுவில் குழி விழுந்தது. பியூலா ஒரு வாய் தின்றுவிட்டு, "பரவால்ல சித்தி" என்றாள். நல்லா இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கலாம்.

அதற்குள் வேறு பேச்சு கிளம்பியது. அவளுக்கு மாதத்தில் இரண்டு மூன்று முறை வயிற்றுவலி வந்தது. உன் நோட்டைத் தாண்டி நான் ஒன்றும் கொடுக்கவில்லை. ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து வந்த அவருடைய தங்கை, எனக்குக் கேட்கட்டும் என்றே சொன்னாள்: "சித்தி கைச் சாப்பாடு. வேற எப்படி இருக்கும்?" அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை, அக்கா.

சமையலறையில் இருந்த ஒவ்வொரு டப்பாவையும் சந்தேகப்பட்டேன். மளிகைக் கடைக்குப் போய், மிளகாய்த்தூளில் என்ன கலக்கிறார்கள், மஞ்சள்தூளில் என்ன கலக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். பெருங்காயத்துக்கு வந்ததும் கடைக்காரர் சிரித்தார்.

"இன்னாம்மா, தெரியாதா? வெறும் காயம் யாரு விக்கிறாங்க? மைதாவும் கோந்தும் போட்டுப் பெசஞ்சதுதான் இந்தக் கட்டி. எல்லாக் கம்பெனியும் அப்டித்தான் கீது."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். குழந்தைக்கு வலி தீரும் என்ற சந்தோஷம் அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது, நீ தப்பு செய்திருக்கிறாய் என்ற சந்தோஷம். சாம்பார், ரசம், முறுக்கு என்று உன் நோட்டில் எத்தனை பக்கத்தில் பெருங்காயம்! அவர் ஆபீசிலிருந்து வருவதற்குள் ஒவ்வொன்றின் கீழும் கோடு போட்டுக் காட்ட வேண்டும் என்று ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தேன்.

கோடு போட்டுக்கொண்டே போனபோது ரசத்துக்குக் கீழே பென்சிலில் நீ எழுதியிருந்தது கண்ணில் பட்டது. அதுவரை நான் கவனித்ததில்லை. 'இன்றும் பாப்பாவுக்கு வலி. ரசம் சாதம்தான் கொடுத்தேன். எங்கே தப்பு செய்கிறேன், ஆண்டவரே?'

என் கை நின்றுவிட்டது. நான் கேட்டுக்கொண்டிருந்த அதே கேள்வி. உன்னை யார் அப்படிப் பார்த்தார்கள், அக்கா?

அவர் வந்ததும் பெருங்காயத்தைப் பற்றிச் சொன்னேன். நோட்டை வாங்கி, நான் கோடு போட்ட பக்கங்களைக் குனிந்து புரட்டிக்கொண்டிருந்தார். விளையாடிவிட்டு வந்து வாசலில் நின்ற பியூலாவை நாங்கள் இருவருமே பார்க்கவில்லை.

"அப்ப அம்மா கொடுத்ததாலதான் எனக்கு வயிறு வலிச்சுதா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அந்த ஒரு வார்த்தையிலேயே நான் ஜெயித்திருப்பேன்.

"சேச்சே, இல்லடா. அம்மா இருந்தப்போ பெருங்காயத்துல ஒண்ணும் கலக்கல. இப்பத்தான் மைதா போடுறாங்களாம்" என்றேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். தங்கை வந்த அன்று பார்த்த பார்வை இல்லை இது.

அதன்பிறகு நம் வீட்டில் பெருங்காயம் இல்லை. அதற்குப் பதிலாகப் பூண்டையும் வெந்தயத்தையும் வறுத்துப் பொடித்துச் சாம்பாரில் போட்டேன். பியூலா இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். வலியும் மெல்ல மெல்ல நின்றது.

இப்போது ஒரு நல்ல செய்தி. அடுத்த மாதம் உன் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பள்ளிக்கரணைப் பக்கம், பள்ளிக்கூட வாத்தியார். ரொம்பச் சாந்தமான பையன். போன வாரம் புது வீட்டுக்கு எடுத்துப்போக உன் நோட்டை அவள் பிரதி எடுத்துக்கொண்டிருந்தாள். எழுதியபடியே சொன்னாள்: "பெருங்காயத்துல எப்பவுமே மைதா உண்டு, சித்தி. எனக்கு அன்னைக்கே தெரியும்."

"எப்படி?"

"மறுநாள் ஸ்கூல் விட்டு வரும்போது கடையில போய்க் கேட்டேன். நீங்க அம்மாவ விட்டுக்கொடுக்கல. அதான் நானும் ஒண்ணும் கேக்கல." எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

பதின்மூன்று வருடத்தில் அவளாக வந்து என்னைக் கட்டிக்கொண்டது அதுதான் முதல்முறை. அதுவும் உன் பெயரைக் காப்பாற்றியதற்காக! சந்தோஷத்தில் அழுதேனா, பொறாமையில் அழுதேனா என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் கர்த்தரிடம் சொல்லி எனக்குச் சொல்லி அனுப்பு.

கல்யாணக் கேக்கை உன் பக்கத்தைப் பார்த்து நானே செய்கிறேன். யார் கேட்டாலும் உன் பெயரைச் சொல்வேன், இது சத்தியம். ஆனால் சாப்பாட்டுப் பந்தியில் போடும் சாம்பார் என்னுடையது. அதில் உனக்குப் பங்கு தர மாட்டேன்.

இப்படிக்கு,
உன் மகளின் சித்தி, உனக்கு வாய்த்த தங்கை,
கிரேஸ்