சேன்-ஃப்ளூரைச் சுற்றிப் போகும் பாதை

சேன்-ஃப்ளூர், மேல் ஊர்
மார்ச் 11

திரு. கோலின் பிராட்வெல் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது. பிரெஞ்சு மொழியில் எழுத முயன்றிருக்கிறீர்கள். முயற்சியைப் பாராட்டுவது ஆசிரியர்களின் வேலை. நான் ஆசிரியை அல்ல. முதல் வரியிலேயே என்னை "நீ" என்று அழைத்திருக்கிறீர்கள். இந்த உலகில் என்னை அப்படி அழைக்கும் உரிமை நான்கு பேருக்கு இருந்தது. மூவர் கல்லறையில் இருக்கிறார்கள். நான்காமவள் உங்கள் வீட்டில் இருக்கிறாள். அவள் என்னை எந்தப் பெயராலும் அழைக்காமல் ஆறு ஆண்டுகள் ஆகின்றன.

என் மகள் மிரேயின் கணவர் என்று உங்களை அறிமுகம் செய்துகொள்கிறீர்கள். லீட்ஸ் நகரத்துப் பதிவு அலுவலகத்தில் நடந்த அந்தத் திருமணம் எனக்கு அறிவிக்கப்படவில்லை. ஆகவே அறிமுகமில்லாத ஒருவரிடமிருந்து வந்த விசாரணையாகவே இதை எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

ஐம்பத்திரண்டு வயதில் மோட்டார் சைக்கிள் உரிமம் வாங்கி, எட்டே மாதத்தில் மிரேயோடு, ஆளுக்கொரு வண்டியில், பிரான்சைச் சுற்றிவரப் புறப்படுகிறீர்கள். இது உங்கள் முதல் நெடும்பயணம், மிரேய்க்குத் தெரியாமல் எனக்கு எழுதுகிறீர்கள், இந்தப் பக்கத்துச் சாலைகளை அறிந்தவள் என்பதால் என் கருத்தைக் கேட்கிறீர்கள். நான் வண்டி ஓட்டியதில்லை. ஆனால் சாலைத்துறை மேற்பார்வையாளர் ஒருவருடன் நாற்பத்து மூன்று ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறேன். மதிய உணவில் சாலையைத் தவிர வேறெதுவும் பேசாத மனிதர் அவர். கேட்டுவிட்டீர்கள்; கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜூலை பதின்மூன்று, பிற்பகல் இரண்டு மணிக்குத் தியெப் துறைமுகத்தில் இறங்கி அன்றே புர்ஜ் போய்ச் சேர்வதாக எழுதியிருக்கிறீர்கள். நானூறு கிலோமீட்டர். அனுபவசாலி செய்யலாம், நீங்கள் செய்தால் வழியில் ஏதாவது ஒரு மருத்துவமனையில் இரவு உணவு கிடைக்கும். பதினான்காம் தேதி தேசிய நாள். கடைகள் அடைத்திருக்கும், நகர நடுவே தெருவை மறித்து ஆடிக்கொண்டிருப்பார்கள். சிற்றூரில் மதியம் ஒன்றரைக்குப் பிறகு சாப்பாடு கேட்டால் சமையற்காரர் உங்களைப் பார்ப்பார், அவ்வளவுதான். வலப்புறச் சிறு சந்திலிருந்து ஒரு கிழவர் டிராக்டரோடு வந்தாலும் அவருக்கே முன்னுரிமை. அவரும் அதை நன்றாக அறிவார்; திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். கோடையில் சாலைக்குத் தார் ஊற்றிப் பொடிஜல்லி தூவி வைத்திருப்பார்கள். அங்கே பிரேக்கைப் பிடித்தால் எழுந்து நிற்க மாட்டீர்கள்.

மேலும், வரைபடத்தில் "தெவியாசியோன்" என்று இரண்டு இடங்களைக் குறித்து, அந்த ஊரில் தங்க விடுதி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். அது ஊர் அல்ல. மாற்றுப்பாதை என்று பலகையில் எழுதியிருக்கிறார்கள்.

இப்போது உங்கள் வரைபடத்தின் உண்மையான பிழைக்கு வருகிறேன். தியெப்பிலிருந்து கிளெர்மோன் நகரம் வரை உங்கள் கோடு நேராக இறங்குகிறது. அங்கிருந்து நீங்கள் போக வேண்டிய மியோ நகரத்துக்கு நேர்ச்சாலை இருக்கிறது, அகலமானது, என் கணவர் மேற்பார்த்தது, எங்கள் ஊரின் காலடியில் போவது. ஆனால் உங்கள் கோடு கிளெர்மோனில் சட்டென்று கிழக்கே ஒடிந்து, மலைகளுக்குள் புகுந்து, லெ புய்யைத் தொட்டு, அரை நாளை வீணாக்கி மறுபடியும் திரும்புகிறது. லெ புய்யின் பருப்பு நல்ல பருப்புதான். அதற்காக யாரும் இவ்வளவு சுற்றுவதில்லை. பருப்பு எங்கள் ஊரிலும் விளைகிறது. அந்த வளைவை வரைந்தது யார் கை என்று எனக்குத் தெரியும்.

எங்கள் இருவருக்கும் நடுவே என்ன நடந்தது, அவள் சொல்ல மறுக்கிறாள் என்கிறீர்கள். சொல்ல வெட்கமாக இருக்கும். நான் சொல்கிறேன்.

பதினெட்டு வயதில் அவளுக்கு அந்த இரண்டு சக்கர இயந்திரத்தை வாங்கிக் கொடுத்தவர் அவள் அப்பா, எனக்குத் தெரியாமல். நான் தடுத்தபோது, "பயமா இருந்தா கண்ண மூடிக்கோம்மா, நான் போயிட்டு வந்து சொல்றேன், அப்பறமா தெறந்துக்கலாம்" என்று சிரித்தாள். கண்ணை மூடாமலேயே இருபது ஆண்டுகள் பொறுத்தேன். ஆறு ஆண்டுகளுக்கு முன் அக்டோபரில் என் கணவர் ஃபெர்னான் இறந்தார். கடலில் புயல், கப்பல் தாமதம் என்று இங்கிலாந்திலிருந்து அவள் நேரத்துக்கு வந்து சேரவில்லை. சவ வண்டி கீழ் ஊரிலிருந்து பேராலயத்துக்கு மலையேறிக்கொண்டிருந்தது. நான் அடுத்த காரில். அப்போது பின்னாலிருந்து அந்த இயந்திரத்தின் ஓசை. துக்க ஊர்வலத்தை முந்துவது எங்கள் பக்கத்தில் நாய்கூடச் செய்யாத காரியம். அவள் என்னை முந்தினாள். பிறகு தன் அப்பாவை முந்தினாள். முந்தும்போது வலது காலைத் தூக்கி, அவர் படுத்திருந்த பெட்டியை நோக்கி உதைத்தாள். இந்த இரண்டு கண்களால் பார்த்தேன்.

பேராலய வாசலில் ஊரே கூடியிருந்தது. தலைக்கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு முன்னாலேயே நின்றிருந்தாள். "அப்பாவை உதைத்த கால் இந்த வாசலைத் தாண்டக் கூடாது" என்றேன். அவள் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டாள். திரும்பிப் போனாள். பூசைக்கு இருக்கவில்லை, அடக்கத்துக்கும் இருக்கவில்லை.

ஆகவே உங்கள் வளைவு அப்படியே இருக்கட்டும்.

உரிய மரியாதையுடன், அதற்கு மேல் எதுவுமின்றி,
மதாம் ஃபெர்னான் தெல்போ

*

சேன்-ஃப்ளூர்
ஏப்ரல் 20

திரு. பிராட்வெல் அவர்களுக்கு,

இந்த முறை "நீங்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது. மற்றபடி உங்கள் கடிதம் எனக்குக் கோபமூட்டியது.

நான் ஆறு ஆண்டுகளாக யாரிடமும் வாய் திறக்காததை உங்களுக்கு ஒரு பக்கம் எழுதினேன். நீங்கள் பதிலுக்கு நான்கு வரியும் ஒரு துண்டுப் பிரசுரமும் அனுப்பியிருக்கிறீர்கள். பிரான்சுக்கு முதல்முறை வண்டியோட்டி வருபவர்களுக்காக உங்கள் ஊர்ச் சங்கம் ஒன்று அச்சிட்டது, பயணத்துக்காக நீங்கள் மனப்பாடம் செய்வது. எதிரே வரும் மோட்டார் சைக்கிளுக்கு இடது கையின் இரண்டு விரலைத் தாழ்த்திக் காட்ட வேண்டும். கையுறை கட்டாயம். ஆறாவது வரியின் கீழ்ச் சிவப்பு மையால் கோடு போட்டிருக்கிறீர்கள். எனக்கு ஆங்கிலம் தெரியாது என்று நினைத்துப் பக்கத்திலேயே உங்கள் பிரெஞ்சில் மொழிபெயர்ப்பு வேறு. எனக்கு ஆங்கிலம் கற்பித்தது டப்ளினிலிருந்து வந்த கன்னியாஸ்திரீகள். அந்த வரியை நானே படித்தேன்:

முன்னால் செல்லும் வண்டி ஒதுங்கி வழிவிட்டால், தாண்டும்போது வலது காலைப் பக்கவாட்டில் நீட்டுங்கள். வலது கை வேக விசையைப் பிடித்திருப்பதால் அதை எடுக்க முடியாது. பிரான்சில் இதற்குப் பொருள்: நன்றி.

முதலில் இது உங்கள் சூழ்ச்சி என்று நினைத்தேன். மனைவியைக் காப்பாற்ற எந்தக் கணவனும் ஒரு காகிதத்தை அச்சடித்துக்கொள்வான். பிறகு கடைசிப் பக்கத்தில் அச்சான ஆண்டைப் பார்த்தேன். நான் உங்களுக்கு எழுதுவதற்கு மூன்று ஆண்டுகள் முந்தையது. ஆகவே சூழ்ச்சிக் குற்றச்சாட்டைத் திரும்பப் பெறுகிறேன். மற்றவற்றைத் திரும்பப் பெறவில்லை.

ஏனென்றால் சங்கத்தார் ஆயிரம் எழுதுவார்கள். அன்று அந்த மலைச் சாலையில் இவர்கள் யாரும் இல்லை. வழிவிட்டால்தானே நன்றி? பிணத்தை ஏற்றிக்கொண்டு போகிறவன் ஒதுங்கி வழிவிடுவானா? நான் அப்படி எதையும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும்.

சவ வண்டியை ஓட்டிய வித்தால் இன்னும் உயிரோடு இருக்கிறான். ஓய்வு பெற்றுக் கீழ் ஊரில் பூண்டுத்தாள் பயிரிடுகிறான். உங்களுக்காக அல்ல, உண்மைக்காக அவனைக் கேட்கப் போகிறேன். கேட்டபின் எழுதுவேன். அதுவரை எனக்கு எதுவும் அனுப்ப வேண்டாம், குறிப்பாகச் சிவப்பு மையில்.

மதாம் ஃபெர்னான் தெல்போ

*

சேன்-ஃப்ளூர்
மே 27, ஞாயிறு

கோலின் அவர்களுக்கு,

எழுதுவேன் என்று சொல்லி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. உடல் நலமில்லை என்று எழுதலாம், பொய்யாக இருக்கும். கீழ் ஊருக்கு இறங்கிப் போக நான்கு முறை கோட்டு மாட்டினேன், நான்கு முறையும் கழற்றி வைத்தேன். ஐந்தாவது முறை, போன வியாழன், போய்விட்டேன்.

வித்தால் என்னைக் கண்டதும் மண்வெட்டியைக் கீழே போட்டான். "அடேயப்பா, மதாம் தெல்போ நம்ம வீட்டு வாசலுக்கு வந்துட்டாங்க! யாரு செத்தது?" என்றான். என் மகள் அன்று என் கணவரின் பெட்டியை உதைத்ததை அவன் பார்த்தானா என்று நேரடியாகக் கேட்டேன். முதலில் சிரித்தான். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

அவன் சொன்னதை அவன் சொன்னபடியே எழுதுகிறேன், அழகுபடுத்த விரும்பவில்லை.

"ஒதைச்சுதா? நல்லா இருக்கே கத! நான்தானே மதாம் வண்டிய ஓரங்கட்டுனேன். கண்ணாடியில பாத்துக்கிட்டே வர்றேன், மூணு வளைவு வரைக்கும் கடைசியிலயே தொத்திக்கிட்டு வருது, தாண்டல. அப்பாவுக்கு முன்னாடி போயி கோயில் வாசல்ல நின்னு எறக்கணும்னு நெனச்சிருக்கும் பாவம். நான் சன்னல்ல கைய விட்டு, 'போ புள்ள, போ'ன்னு காட்டுனேன். அப்பறந்தான் வந்துச்சு. தாண்டுறப்ப கால நீட்டி நன்றி சொல்லிட்டுப் போச்சு. முப்பத்தோரு வருசம் அந்த வண்டிய ஓட்டிருக்கேன் மதாம். பின்னாடி படுத்திருக்கிறவனுக்கு எல்லாரும் தொப்பியக் கழட்டுவாங்க. ஓட்டுறவனுக்கு நன்றி சொன்னது அந்தப் பொண்ணு ஒண்ணுதான்."

ஆறு ஆண்டுகள் இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று அதட்டினேன்.

"நீங்க கேக்கலியே மதாம். நீங்க சொல்லித்தான் பாத்திருக்கேன், கேட்டு எப்ப பாத்தேன்?"

ஊரில் வேறு யாருக்குத் தெரியும் என்றேன்.

"வண்டி ஓட்டுற அத்தன பேருக்கும் தெரியும். அன்னிக்கு வாசல்ல நின்னவங்கள்ல பாதிப் பேரு ஓட்டுறவங்கதான். உங்ககிட்ட வந்து சொல்ற நெஞ்சுரம்தான் ஒருத்தனுக்கும் இல்ல. எனக்கும் சேத்துத்தான்."

எனக்கு ஒரு கட்டுப் பூண்டுத்தாள் கொடுத்தான். வேண்டாம் என்றேன். கையில் திணித்துவிட்டான். மலையேறி வீட்டுக்கு வருவதற்குள் மூன்று இடங்களில் உட்கார வேண்டியிருந்தது. அறிமுகமானவர்கள் வணக்கம் சொன்னார்கள். ஒவ்வொருவராகப் பார்த்து, இவனுக்குத் தெரியும், இவளுக்கும் தெரியும் என்று எண்ணிக்கொண்டு வந்தேன். இத்தனை ஆண்டுகள் என்னை மதிக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

மிரேய் அன்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். ஏன் சொல்லவில்லை என்று இரண்டு நாட்கள் அவள் மீது கோபமாக இருந்தேன். ஆனால் அவள் இடத்தில் நான் நின்றிருந்தால் நானும் சொல்லியிருக்க மாட்டேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை, தெரியாதவர்களுக்கு விளக்கிப் பயனில்லை என்று திரும்பி நடந்திருப்பேன். அவளுடைய அப்பா இருந்திருந்தால் அந்தக் காரிலேயே எனக்கு விளக்கியிருப்பார். அவர்தான் பெட்டிக்குள் இருந்தாரே.

உங்களைப் பற்றியும் ஒன்று எழுதியாக வேண்டும். நீங்கள் இலக்கணம் தெரியாதவர், வரைபடம் படிக்கத் தெரியாதவர். என் கடிதத்துக்கு நீங்கள் கோபமாகப் பதில் எழுதியிருக்கலாம், எழுதவில்லை. இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கவனித்தேன் என்று மட்டும் தெரிவிக்கிறேன்.

இப்போது வேலையைப் பேசுவோம். நான் அவளுக்கு எழுதப் போவதில்லை. மன்னிப்பைத் தபாலில் அனுப்புவது, பூசைக்குத் தனக்குப் பதிலாக வேலைக்காரியை அனுப்புவது போன்றது. தவறு எங்கே, எத்தனை பேர் முன்னால் செய்யப்பட்டதோ, அங்கே, அத்தனை பேர் முன்னால் நின்றுதான் அதைக் கேட்க வேண்டும். எனக்கு வேறு வழி கற்பிக்கப்படவில்லை.

உங்கள் அட்டவணைப்படி ஜூலை பதினைந்து, ஞாயிறு காலை, கிளெர்மோனிலிருந்து புறப்படுகிறீர்கள். லெ புய்க்குப் போக வேண்டாம். நேர்ச்சாலையில் ஒன்றரை மணி நேரத்தில் இங்கே வந்துவிடலாம். பத்தரை மணிப் பூசை பதினொன்றரைக்கு முடியும்; மக்கள் வெளியே வருவார்கள். நான் பேராலய வாசலில் நிற்பேன். உங்களுக்கு விருந்து வைப்பேன் என்றோ, என் வீட்டில் தங்கலாம் என்றோ நான் எழுதவில்லை. அதையெல்லாம் அவள் முடிவு செய்யட்டும். வண்டியை விட்டு இறங்காமலேயே அவள் கேட்டுவிட்டுப் போகலாம். எனக்கு உரத்த குரல் உண்டு, அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அவள் வர மறுத்தால் அது அவள் உரிமை, வற்புறுத்தாதீர்கள். நான் அன்றும் நிற்பேன். ஊர் கேட்க வேண்டியதை ஊருக்குச் சொல்வேன். ஆனால் அவள் இல்லாத வாசலில் அதைச் சொல்வது எனக்கு மிகவும் கடினமாக இருக்கும். எழுபத்தெட்டு வயதாகிறது. கடினமாக இருக்கும் என்ற அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் அடித்துவிட்டு மறுபடியும் எழுதினேன், நீங்கள் கவனித்திருப்பீர்கள்.

இந்தக் கடிதத்தை அவளிடம் காட்டலாம். முதல் இரண்டையும் எரித்துவிடுங்கள்.

ஆண்டவர் உங்கள் இருவரையும் கப்பலிலும் சாலையிலும் காப்பாராக. கிளெர்மோனுக்குப் பிறகு நீங்கள் முன்னால் போக வேண்டாம், கோலின். அவளை முன்னால் விட்டு அவள் பின்னாலேயே வாருங்கள். அவளுக்கு வழி தெரியும்.

ஜெர்மேன் தெல்போ