ஈசானி மூலைத் தண்ணீர்

மத்திகிரி,
ஆடி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

முனைவர் பட்ட ஆய்வு மேற்கொண்டிருக்கும் எங்கள் மூத்த மகள் பிரியதர்ஷினி அவர்களுக்கு, தாயார் சரோஜம்மாள் மிக்க மரியாதையுடன் எழுதுவது. உன் தந்தையாரும் நானும் பசுக்கள் மூன்றும் இங்கு ஒரு குறையுமின்றி இருக்கிறோம். நீயும் அந்தக் குளிர் தேசத்தில் சளி இருமல் இன்றி இருப்பாய் என்று நம்பியே இதைத் தொடங்குகிறேன். உனக்குப் பதில் எழுத இத்தனை நாள் தாழ்த்தியதற்கு முதற்கண் என் வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன். அன்று பேச்சை நடுவில் துண்டித்தது நான்தான். சிக்னல் போய்விட்டது என்று உன் அப்பா மறுநாள் சொன்னது என் மானத்தைக் காப்பதற்காகச் சொன்னது. தொலைபேசியில் எனக்கு வாய் முந்திக்கொள்கிறது, தாளில் என்றால் சொற்கள் என் பேச்சைக் கேட்கின்றன, ஆகையால் எழுதுகிறேன். நான் 'அவர்களுக்கு' என்று எழுதுவதை எட்டிப் பார்த்துவிட்டு உன் அப்பா, பாப்பாவுக்குக் கடிதம் எழுதுகிறாயா, கலெக்டருக்கு மனு எழுதுகிறாயா என்று கேட்டார். நாளைக்கு எத்தனையோ அதிகாரிகளை முன்னின்று நடத்தப்போகிறவளுக்கு இந்த மரியாதை மிகையாகாது என்று சொல்லி அவரைத் தோட்டத்துக்கு அனுப்பி வைத்தேன். தபாலில் சேர்த்தால் உன் கெடுவுக்குள் வந்து சேராது என்பதால் இதைப் படம் பிடித்து உன் எண்ணுக்கு அனுப்புகிறேன்; எழுத்து மங்கலாக இருந்தால் பெரிதாக்கிப் படிக்கவும்.

நீ என்னிடம் கேட்டதை நான் சரிவரப் புரிந்துகொண்டேனா என்று நீயே பார்த்துக்கொள்ளும்பொருட்டு அதை என் சொற்களில் இங்கு எழுதுகிறேன். உன் படிப்பு நோயைக் கண்டுபிடிக்கும் படிப்பு அன்று. நோய் எதனால் வருகிறது என்று தெரிந்த பிறகும் அப்படியே இருக்கிற மனிதர்களை, அதிகாரம் காட்டாமல், அவர்களாகவே மாற முன்வரச் செய்வது எப்படி என்று கற்கும் படிப்பு. உறவுக்காரர் கல்யாணங்களில் உன் படிப்பைக் கேட்கிறவர்களுக்கு, பொதுச் சுகாதார நடைமுறையில் தலைமைப் பொறுப்புக்கான முனைவர் பட்டம் என்று நான் முழுவதும் சொல்லி முடிப்பதற்குள் பந்தியில் ரசம் வந்துவிடுகிறது, இருந்தும் ஒரு சொல்லையும் நான் குறைப்பதில்லை. அந்தப் படிப்புக்கு ஓர் இடத்தை எடுத்துக்கொண்டு, அங்கே ஒரு மாற்றத்தைச் செய்து பார்த்து, நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும் என்றாய். மழை விழுந்தால் நம் தெருவில் வாடகைக்கு விட்டிருக்கும் லைன் வீடுகளில் தங்கும் கம்பெனிப் பிள்ளைகளுக்கு மஞ்சள் காமாலை வருவது வழக்கமாகிவிட்டதால் நம் தெருவையே எடுக்க விரும்பினாய். இங்கே எல்லோரும் வாஸ்து பார்த்துக் கட்டியவர்கள். எல்லா வீட்டிலும் தரைக்கடியில் கட்டிய தண்ணீர் சம்ப் வடகிழக்கு ஈசானி மூலையில், செப்டிக் டேங்க் வடமேற்கு வாயு மூலையில். வீடுகள் கிழக்கு மேற்காக ஒட்டி நிற்பதால், ஒவ்வொரு வீட்டுச் சம்ப்புக்கும் சுவருக்கு அந்தப் பக்கத்தில் கிழக்கு வீட்டுச் செப்டிக் டேங்க் இருக்கிறது என்று படம் வரைந்து காட்டினாய். அந்தப் படத்தில் முதல் வீடாக நம் வீட்டை வரைந்திருந்தாய். வாஸ்துக்காரரை வரவழைத்து, கயிறு பிடித்து, மூலைக்கு மூலை நின்று அந்த வீட்டைக் கட்டுவித்தவள் நான். ஆகவேதான், "ஊர்ல எத்தனையோ சாக்கடை இருக்குது, எழுதறதுக்குப் பெத்த வீட்டுச் சாக்கடைதான் கெடச்சுதா" என்று கேட்டுவிட்டுத் தொலைபேசியை வைத்தேன். அதன்பின் நீ அனுப்பிய செய்தியில் ஒரு வார்த்தை கோபமில்லை. மத்திகிரியை விட்டுவிடுகிறேன் அம்மா, வேறு யாரோ எங்கோ சேகரித்து வைத்த கணக்குகளைக் கொண்டு எழுதிக்கொள்கிறேன், மாத முடிவுக்குள் பேராசிரியரிடம் சொல்லிவிட வேண்டும் என்று மட்டும் இருந்தது. நீ கோபித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இனி இங்கு நடந்ததைச் சொல்கிறேன். நம் லைனில் கடைசி வீட்டில் குடியிருக்கும் சுகுணாவை உனக்கு நினைவிருக்கும், திருவாரூர்ப் பக்கத்துப் பெண், செல்போன் பாகங்கள் செய்யும் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை, போன பொங்கலுக்கு நம் வாசலில் கோலம் போட்டுக்கொடுத்தவள். ஏழு மாதக் கர்ப்பிணி. அவளுக்குச் சோறு பிடிக்கவில்லை, வாந்தி எடுக்கிறாள் என்றபோது கர்ப்பத்தில் அப்படித்தான் என்றேன். கண் மஞ்சளான பிறகு, கம்பெனி கேண்டீன் சாப்பாட்டால்தான் என்று தெருவில் வீட்டுக்காரர்கள் எல்லோரும் சொன்னோம். எங்கள் எல்லோருக்கும் வசதியான காரணம் அது. அவள் கணவன் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். ஒரு நாள் ஷிஃப்ட் முடிந்து வந்தவள் கேட்டருகிலேயே மயங்கி உட்கார்ந்துவிட்டாள், ஆம்புலன்ஸை வரவழைத்துக் கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், நானும் உடன் போனேன். இந்தக் காமாலை கர்ப்பிணிக்கு வந்தால் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து என்று டாக்டரம்மா சொன்னார். வீட்டில் என்ன தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று பொதுவாகக் கேட்டார். நான் முந்திக்கொண்டு, கேன் தண்ணீர் என்றேன். கட்டிலில் கிடந்த சுகுணா, "அவங்க கேன் தண்ணி, மேடம். நாங்க சம்ப் தண்ணி" என்றாள். அதில் குறை சொல்லும் தொனியே இல்லை. பெயர் என்ன, ஊர் என்ன என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னாள். கிருஷ்ணகிரியிலிருந்து திரும்பும் பேருந்தில் கண்டக்டர் இரண்டு முறை கேட்ட பிறகுதான் டிக்கெட் வாங்கினேன்.

மறுநாள் காலையில் உன் அப்பாவை மோட்டார் வைத்துச் சம்ப்பை முழுவதும் இறைக்கச் சொன்னேன். வெயில் ஏற ஏற மூன்று சுவரும் வெளுத்துக் காய்ந்துவிட்டன. கிழக்குச் சுவர் மட்டும் காயவில்லை. கீழ்ப்பகுதியில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்து, வியர்ப்பதுபோல் கசிந்துகொண்டே இருந்தது. உன் அப்பா ஏணியில் இறங்கி அதைத் தொட்டு, விரலை முகர்ந்து பார்த்து, மேலே ஏறி வந்து, சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவினார். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் யாருடையது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. உன் பெரியப்பா கங்கப்பன் வீட்டுச் செப்டிக் டேங்க். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு அவர் வீட்டு வாசலுக்குப் போகக் கிளம்பினேன். என்ன கேட்கவேண்டும் என்று நல்ல செந்தமிழில் வரிசைப்படுத்திக்கொண்டும்விட்டேன். கேட்டைத் திறக்கும்போது நம் செப்டிக் டேங்க் மூடி என் கண்ணில் பட்டது. தினமும் அதன்மேல்தான் ராகி காயவைக்கிறேன், இருந்தும் அன்றைக்குத்தான் அது எந்தச் சுவரை ஒட்டி இருக்கிறது என்று பார்த்தேன். மேற்கு வீட்டு முனிவேலின் சம்ப் அந்தச் சுவருக்குப் பின்னால் இருக்கிறது. நீ வரைந்த படத்தில் ஒரு பக்கத்தை மட்டுமே நான் அதுவரை பார்த்திருந்தேன் என்பது அப்போது விளங்கிற்று. கிழக்கே போவதற்கு முன் மேற்கே போயாகவேண்டும். உன்னிடம் மறைப்பானேன், அந்தப் பத்தடி நடப்பதற்கு எனக்கு வெகுநேரம் பிடித்தது.

முனிவேல் பைக் கழுவிக்கொண்டிருந்தான். எங்கள் டேங்க் உங்கள் சம்ப்பை ஒட்டி இருக்கிறது, நீங்கள் குடிக்கிற தண்ணீர் எங்களால் கெட்டிருக்கக்கூடும், இறைத்துப் பார்த்துவிடுங்கள் என்று சொன்னேன். சண்டைக்கு வருவான் என்றிருந்தேன். அவன் கையிலிருந்த குழாயை அடைக்காமலே என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, "ஏனக்கா, பெங்களூர்க்காரன் ஆத்துல சாக்கடைய நுரையா விடறான்னு கெலவரப்பள்ளி டேமுக்குப் போயி கோஷம் போட்டமே. கடைசில எனக்கு நீதான் பெங்களூரா?" என்றான். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. அன்றே அவனும் இறைத்தான். அங்கும் கிழக்குச் சுவரே ஈரம்.

அதன்பிறகுதான் முனிவேலையும் உன் அப்பாவையும் உடனழைத்துக்கொண்டு பெரியப்பா வீட்டுக்குப் போனேன். வரிசைப்படுத்தி வைத்திருந்த செந்தமிழ் எதுவும் தேவைப்படவில்லை. நான் முனிவேலுக்கு விட்டுக்கொண்டிருந்ததை அவனிடம் சொல்லிவிட்டேன், நீங்கள் எனக்கு விட்டுக்கொண்டிருப்பதை வந்து பாருங்கள் என்று மட்டும் சொன்னேன். தன் டேங்க்கிலிருந்து ஒரு சொட்டு வெளியே போகாது என்றார், என்றாலும் வந்தார். நம் சம்ப்பின் விளிம்பில் குந்தி உட்கார்ந்து, டார்ச் அடித்து, அந்தக் கறுத்த இடத்தைப் பார்த்தார். அந்தப் பொண்ணுக்கு இப்ப எப்படி இருக்குது என்று கேட்டார். உன் யோசனைப்படி சம்ப்புகளை அறவே மூடிவிட்டு, வாசல் பக்கம் தரைக்குமேல் பிளாஸ்டிக் டேங்க் வைத்துத் தண்ணீர் பிடிக்கலாம் என்று உன் அப்பா சொன்னார். ஆடி மாதத்தில் பூமியைத் தோண்டக்கூடாது என்றார் பெரியப்பா. தோண்டவில்லை, மூடுகிறோம் என்றேன். ஈசானி மூலையில் தண்ணீர் இல்லாத வீடு விளங்காது என்றார். நாங்களும் அதை நம்புகிறவர்கள்தாம். அப்போது உன் பெரியம்மா சுவருக்கு மேலாகத் தலையை நீட்டி, "மூலைக்குத் தண்ணிதான வேணும், ஒரு சொம்புல ஊத்தி வெச்சு ரெண்டு பூவைப் போட்டா ஆகாதா? ஆயிரம் லிட்டர் கேக்குதா மூலை, குளிக்கப் போகுதா?" என்றார். முனிவேல் சிரித்துக் கீழே உட்கார்ந்துவிட்டான். பெரியப்பா சிரிக்கவில்லை, ஆனால் மறுத்தும் பேசவில்லை. நம் வீட்டுச் சம்ப்பும் முனிவேல் வீட்டுச் சம்ப்பும் இப்போது மண்ணால் மூடியாகிவிட்டன. நம் ஈசானி மூலையில் பித்தளைச் சொம்பில் தண்ணீரும் நம் தோட்டத்து ரோஜாவும் இருக்கின்றன. புது டேங்க் பொருத்தும் வரை லைன் வீடுகள் எல்லாவற்றுக்கும் கேன் தண்ணீர்தான், நாங்களும் அவர்களும் ஒரே வண்டியில் வருவதைத்தான் குடிக்கிறோம். சுகுணா தேறி வந்துவிட்டாள், கண்ணில் சற்றே மஞ்சள் மிச்சம், பிள்ளையின் துடிப்பு நன்றாயிருக்கிறதாம். வெயில் படாத மாடி அறையில், உன் கட்டிலில்தான் படுக்க வைத்திருக்கிறேன். உன் போர்வையையும் கொடுத்துவிட்டேன், உன்னிடம் கேட்காமல் எடுத்ததைப் பொறுத்துக்கொள்.

பெரியப்பா மட்டும் இன்னும் ஒப்புக்கொண்டதாகச் சொல்லவில்லை. தெருவில் மற்ற வீட்டுக்காரர்கள் அவரைப் பார்த்துத்தான் அசைவார்கள் என்பது உனக்குத் தெரியும். நம் இரு வீட்டோடு நின்றால் அது உன் ஆய்வுக்கும் போதாது, லைன் வீட்டுப் பிள்ளைகளுக்கும் போதாது. நேற்று நானே போய் மறுபடி கேட்டேன். "படம் போட்டா, தெருவையே அளந்தா, எல்லாம் சரி. பெரியப்பனை ஒரு வார்த்தை கேட்டாளா?" என்றார். கோபமாகச் சொன்னதுபோல்தான் இருந்தது, ஆனால் உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு டி.வி.எஸ்.ஸில் முன்னால் நிறுத்திக் கூட்டிப்போனவர் அவர், அவருடைய கோபத்தின் வகை எனக்குத் தெரியும். நீ என்னிடம் கேட்டாய், நான் ஊரிடம் கேட்பேன் என்று எண்ணினாய். அவரிடம் நீயேதான் கேட்டிருக்க வேண்டும். இன்று காலை அவர் வீட்டு முன்னால் டிப்பர் லாரி ஒரு லோடு மண் கொட்டிவிட்டுப் போயிருக்கிறது. எதற்கென்று கேட்டேன். மாட்டுக் கொட்டகைக்கு என்றார். அவர் மாடுகளை விற்று நாலைந்து வருடம் ஆகிறது.

ஆகவே, பேராசிரியரிடம் வேறு இடம் என்று சொல்லிவிடாதே. சொல்லிவிட்டிருந்தால் திரும்பப் பெற்றுக்கொள். நம் தெருவை எழுது. படத்தில் முதல் வீடாக நம் வீடே இருக்கட்டும், கயிறு பிடித்தவள் பெயரையும் எழுதலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. அங்கே வாசிக்கிறவர்கள் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று நான் பயந்தது உண்மை. சம்ப் தண்ணி என்று அந்தப் பெண் சொன்னதைக் காதில் கேட்ட பிறகு அந்தப் பயம் மிகச் சிறியதாகிவிட்டது.

ராகி மாவும் இடித்த வேர்க்கடலையும் பெங்களூரிலிருந்து புறப்படுகிற யாரிடமாவது கொடுத்தனுப்ப ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறேன், ரொட்டியை மட்டும் தின்றுகொண்டு ஆய்வு செய்ய இயலாது. தலைக்கு எண்ணெய் வை. உறைந்துபோனால் பாட்டிலை வெந்நீரில் நிறுத்தி வை. இரவு கண் விழிப்பதைக் குறைத்துக்கொள். நீ எடுத்த காரியம் கைகூடவும், நீ முன்னின்று நடத்துகிற மனிதர்கள் உன்னை மனதார நம்பவும், நானும் உன் தந்தையாரும் வாழ்த்துகிறோம். ஒரே ஒரு நினைவூட்டல்: பெரியப்பா காலை ஏழு மணிக்குக் காபி குடித்துவிட்டு வாசலில் மண்குவியலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். அந்த நேரத்துக்கு அழைத்து, படிப்பு விவரமெல்லாம் சொல்லாமல், பெரியப்பா என்று முதலில் கூப்பிடு.

அவரிடம் பேசியதும் எனக்கு உடனே இரண்டு வரி பதில் எழுது.

என்றும் உன் நலம் நாடும் தாயார்,
செ. சரோஜம்மாள்