அரண்மனையில் அப்பா கேட்டது

ஞாயிறு, இரவு

கால் விண்விண்ணென்று தெறிக்கிறது. விடிந்தால் பீங்கான் கம்பெனியில் காலை ஷிப்ட். தூக்கம்தான் வரவில்லை.

எங்கள் கம்மாபுரத்து வீட்டையும் நிலத்தையும் நிலக்கரிச் சுரங்கத்துக்கு எடுக்கப்போகிறார்கள் என்ற பேச்சு வந்ததிலிருந்து அப்பா சரியாகச் சாப்பிடுவதில்லை. கொஞ்சம் மனசு மாறட்டும் என்றுதான் இன்று தஞ்சாவூர் அரண்மனைக்குக் கூட்டிப்போனேன். தர்பார் மண்டபம், சிலைகள் எதையும் அவர் நின்று பார்க்கவில்லை. சாத்தியிருந்த ஒரு கதவின் முன்னால் மட்டும் நின்றுவிட்டார்.

"அந்தப் பக்கம் போவக் கூடாது பெரியவரே. ராஜா குடும்பத்து ஆளுங்க குடியிருக்காங்க" என்றார் காவலாளி.

"இன்னமுமா?"

"ஆமாங்க, தலைமுறை தலைமுறையா."

"அப்ப இங்க அடியில நிலக்கரி இல்லீங்களா?"

காவலாளி ஏதோ வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். அப்பா பதிலுக்காக அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தோட்டத்தைப் பார்க்கலாம் வா என்று கையைப் பிடித்து இழுத்துவந்தேன்.

விருத்தாசலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது கேட்டேன்.

"அரண்மனையில உனக்கு எதுப்பா புடிச்சிது?"

"அந்தச் சாத்துன கதவுதாம்மா."