கடலில் ஒரு பிடி கல்லறை மண்

காரங்காடு,
சாம்பல் புதன் கழிந்த வெள்ளி.

அன்பு மகள் பிரகாசிக்கு அப்பா எழுதுவது. சேசுவுக்குப் புகழ். நானும் அம்மாவும் சுகம், நீயும் மடத்துச் சகோதரிகளும் சுகமாயிருக்க ஆண்டவரை மன்றாடுகிறோம் என்றுதான் எப்போதும் தொடங்குவேன், இந்த முறை சுகம் என்ற சொல்லுக்கு முன்னால் பேனா வெகுநேரம் நின்றுவிட்டது. உயிரோடு இருக்கிறோம் தாயி. அம்மா சர்க்கரை மாத்திரையை நான் எடுத்துக் கொடுத்தால் போடுகிறாள், கொடுக்காவிட்டால் மறந்துவிடுகிறாள். வீட்டில் மீன் சமைப்பதில்லை, கருவாடுகூட உள்ளே வருவதில்லை. உன் கடிதம் வந்து சேர்ந்தது. தம்பி அருளானந்து கடலில் போய்விட்டான் என்று மடத்துத் தலைவி சொன்னார்கள், எப்படி என்று சொல்ல அவர்களுக்கும் தெரியவில்லை என்று எழுதியிருந்தாய். வெளியே வராத, போன் பேசாத மடத்தில் இருக்கிற உனக்கு இதை நான்தான் எழுதியாக வேண்டும். ஈஸ்டர் கழிந்து, சாகும்வரை மடத்திலேயே இருப்பதாக நித்திய வார்த்தைப்பாடு கொடுக்கவேண்டிய நீ, அதை விட்டுவிட்டு எங்களைப் பார்த்துக்கொள்ள வந்துவிடட்டுமா என்றும் கேட்டிருக்கிறாய். அதற்குப் பிறகு வருகிறேன், முதலில் தம்பியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

பொங்கல் கழிந்த வாரம் நானும் தம்பியும் ராக்கப்பனும் வலையை இழுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். ராக்கப்பனை உனக்குத் தெரியும், நம் வேதம் இல்லாவிட்டாலும் நீ பிறப்பதற்கு முன்பிருந்தே நம் வள்ளத்தில் வருகிறவர், நாங்கள் சொல்லும் செபமாலையைக் கேட்டுக்கொண்டே பாதி ஆயுளைக் கழித்தவர். வாடைக் காற்று திடீரென்று முறுக்கிக்கொண்டு வந்து வள்ளம் கவிழ்ந்துவிட்டது. நானும் தம்பியும் வள்ளத்தைப் பிடித்துக்கொண்டோம், ராக்கப்பனை அலை தள்ளிக்கொண்டு போனது, அவர் காலில் வலை சுற்றியிருந்தது. “அப்பா, நீங்க வள்ளத்த விட்டுறாதிய, நா மாமாவ இழுத்துட்டு வாரேன்” என்று சொல்லிவிட்டுத் தம்பி நீந்தினான். வேணாம்லே என்று நான் கத்தியது காற்றில் போய்விட்டது. கத்தியால் வலையை அறுத்து அவரை இழுத்துக்கொண்டு கிட்டத்தில் வந்துவிட்டான், அப்போது ஓர் அலை இருவரையும் பிரித்தது. என் கை நீட்டினால் தொடுகிற தூரம் பிரகாசி, அவன் முகம் எனக்குத் தெரிந்தது, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். கையை நீட்டினேன். என்னைப் பார்த்தான், பிறகு திரும்பி மறுபடியும் அவரிடம் போனான். எப்படியோ கொண்டுவந்து சேர்த்து, வள்ளத்தில் கட்டிக்கிடந்த கயிற்றை அவர் கையில் சுற்றினான், நான் அவர் சட்டையைப் பற்றினேன். “புடிச்சிட்டீங்களா?” என்று கேட்டான். “புடிச்சிட்டேன், நீ வா” என்றேன். அடுத்த அலை வந்து போனது, அவன் இல்லை.

பக்கத்து ஊரான மோர்ப்பண்ணைப் படகு ஒன்று எங்களைக் கரை சேர்த்தது. ஊர் முழுக்கத் தொழிலை நிறுத்திவிட்டுத் தேடியது, காவல் படகும் தேடியது, தொண்டி வரைக்கும் தேவிபட்டினம் வரைக்கும் கரையோரமாக ஆள் அனுப்பினோம், அலையாத்திக் காட்டு வேர்களுக்குள்ளேகூடக் குனிந்து குனிந்து பார்த்தார்கள். பிறகு ஒவ்வொரு படகாகத் தொழிலுக்குப் போகத் தொடங்கியது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவர்கள் வீட்டிலும் உலை கொதிக்க வேண்டும். பங்குச் சாமியார் வந்து, படத்தை வைத்துப் பூசை வைத்துவிடுவோமா என்று மெல்லக் கேட்டார். “இன்னும் தேடி முடிக்கல சாமி” என்றேன். ராக்கப்பனும், “என்னைய கொண்டாந்து சேத்தவன அங்கன விட்டுட்டு நா எப்படி வீட்டுல படுப்பேன்” என்று சொல்லிவிட்டார். இரவல் வள்ளத்தில் நாங்கள் இருவர் மட்டும் விடிந்தால் போவோம், பொழுதடைந்தால் திரும்புவோம். கோபுரம் கட்டத் தொடங்கிப் பாதியில் விட்டவனைப் பார்த்து ஊர் சிரித்த கதையைச் சிறு வயதில் ஞானோபதேச வகுப்பில் கேட்டது என் தலைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. மிதக்கிற கட்டையெல்லாம் அவனாகத் தெரியும், பக்கத்தில் போனால் கட்டையாக இருக்கும். சாப்பிடவில்லை, சவரம் செய்யவில்லை, அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மகனைத் தேடுகிறேன் என்று அவளைத் தனியாக விட்டிருந்தேன், அது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை.

ஒரு நாள் காலையில் வள்ளத்தைத் தள்ளப்போகும்போது அம்மா கரைக்கு வந்தாள். அவள் கடலுக்குள் வந்ததே இல்லை என்பது உனக்குத் தெரியும். முந்தானையில் ஏதோ முடிந்திருந்தாள், என்ன என்று கேட்டேன், கல்லறைத் தோட்டத்து மண் என்றாள். இன்னும் தேடவேண்டும் என்றேன். “தேடுங்க. ஆனா எம்புள்ள செபம் சொல்ல ஆளில்லாம கெடக்கான். பெத்தவ நாந்தான், மண்ணு போடுறதும் நாந்தான்” என்று சொல்லிவிட்டு வள்ளத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். வழியெல்லாம் குடலைப் புரட்டி வாந்தி எடுத்தாள், திரும்பலாமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். தம்பி போன இடம் வந்ததும் ராக்கப்பன் இன்ஜினை நிறுத்தினார். அம்மா முடிச்சை அவிழ்த்து ஒரு பிடி மண்ணைத் தண்ணீரில் போட்டாள், அது கொஞ்சம் கலங்கிக் கீழே இறங்கியது. மரித்தோருக்கான செபத்தைச் சொல்லத் தொடங்கினாள். நித்திய இளைப்பாற்றியை அவனுக்கு அளித்தருளும் என்று சொன்னாள், முடிவில்லாத ஒளி அவன்மேல் என்று வந்தாள், அடுத்து வரவேண்டியது பிரகாசிக்கக்கடவது, அந்தச் சொல்லில் உன் பெயர் இருக்கிறது, அங்கேயே நின்றுவிட்டாள். பின்னால் இருந்து ராக்கப்பன்தான் மிச்சத்தைத் தட்டுத் தடுமாறிச் சொல்லி, ஆமென் என்று முடித்தார்.

அதற்குப் பிறகு நான் தேடப் போகவில்லை. காணாமல் போன ஆட்டைக் கண்டுபிடிக்கும்வரை விடாத மேய்ப்பர் என்று சேசுவைச் சொல்கிறோமே, அந்த வேலையை நான் என் கையில் எடுத்துக்கொண்டிருந்தேன் என்று தோன்றியது. நான் நிறுத்திவிட்டேன், அவர் நிறுத்தமாட்டார். இதை எழுதும்போது நம்புகிறேன். விடிகிற நேரத்தில் கதவுப் பக்கம் காலடிச் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன், அதையும் மறைக்கவில்லை.

பூசை முடிந்தது. பக்கத்து வீட்டுப் பஞ்சம்மாள் தன் பேத்தி சடங்குக்கு ஒலிபெருக்கி வைக்காமல் விட்டுவிட்டாள், நான் வைக்கச் சொல்லியும் கேட்கவில்லை. அலையாத்திக் காட்டைப் பார்க்க வந்த கல்லூரிப் பிள்ளைகள், போன முறை படகில் கூட்டிப்போன அருள் அண்ணன் எங்கே என்று கேட்டார்களாம், அங்கே இருந்தவர்கள் வேறு ஆளை அனுப்பியிருக்கிறார்கள்.

இப்போது உன் கேள்வி. வா என்று எழுதத்தான் முதலில் மனம் துடித்தது. உன் கடிதத்தை வாசித்துக் காட்டியதும் அம்மா எழுந்துபோய் உன் பாயை எடுத்து வெயிலில் போட்டாள். சாயங்காலம் அதைச் சுருட்டிப் பழையபடி பரணில் வைத்துவிட்டு, “நம்மளுக்காக அவ வந்தான்னா, நம்ம செத்தப்பெறகு எங்கன போவா?” என்று கேட்டாள். தொடங்கிவிட்டோமே, பாதியில் விட்டால் ஊர் சிரிக்குமே என்பதற்காக நீ வார்த்தைப்பாடு கொடுக்க வேண்டாம் தாயி. தம்பி இரண்டாம் தடவை திரும்பிப் போனது அப்படி அல்ல, அங்கே ஓர் ஆள் இருந்தார், அவரை அவனுக்கு விட முடியவில்லை, அவ்வளவுதான். நீ யாருக்காக அவ்வளவு தூரம் போனாயோ அந்த ஆண்டவரை விட்டுவிட உன்னால் முடியவில்லை என்றால், எங்களுக்காக விட்டு வராதே. முடிகிறது என்றால் வா, ராமநாதபுரம் ஸ்டேஷனில் நான் நிற்பேன், ஒரு கேள்வியும் கேட்கமாட்டேன். எங்களை யார் பார்ப்பது என்று கவலைப்படாதே. ராக்கப்பன் தினமும் காலையில் வந்து, “அக்கா, மாத்திர போட்டியளா” என்று கேட்டுவிட்டுத்தான் போகிறார். ஆண்டவர் சிலுவையில் தொங்கும்போது தம் தாயை ஒரு சீடரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் எல்லாம் முடிந்தது என்றார் என்று சாமியார் பிரசங்கத்தில் சொன்னார். தம்பியும் அப்படித்தான் செய்துவிட்டுப் போயிருக்கிறான் என்று நினைத்துக்கொள்கிறேன். நினைத்தாலும் நெஞ்சு ஆறவில்லை.

ஷில்லாங்கில் குளிர் இன்னும் விடவில்லை என்று எழுதியிருந்தாய், காலுறை போட்டுக்கொள், தவக்காலம் என்று அளவுக்கு மீறி ஒறுத்தல் செய்யாதே. ஆண்டவரும் மாதாவும் உன்னை ஆசீர்வதிக்கட்டும், உன் நெற்றியில் நான் சிலுவை போடுவதாக வைத்துக்கொள். நீ வார்த்தைப்பாடு கொடுப்பதானால் நாங்கள் இருவரும் ரயிலேறி வருகிறோம். உங்கள் மடத்தில் கம்பிக்கு அந்தப் பக்கம் நீங்களும் இந்தப் பக்கம் நாங்களும் உட்கார்ந்துதான் பேச வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னேன். அந்தக் கம்பிக்கு இடையில் கை நுழையுமா என்று கேட்டு எழுதச் சொன்னாள். மறக்காமல் பதில் போடு.

உன் அன்பு அப்பா,
சந்தியாகு