பத்தாயிரம் வருடத்து மழை

ஆகஸ்ட் 5, 2025

அத்தையின் தீப்பெட்டி ஆபீஸ் வேன் இன்று சீக்கிரமே வந்து ஹாரன் அடித்தது. பாதி இட்லியோடு ஓடினார். காளீஸ்வரன் அதற்கு முன்பே அச்சகத்துக்குப் போய்விட்டார். காலண்டர் சீசன். 'என் கணவர்' என்று எழுத இன்னும் கூச்சமாக இருக்கிறது, மூன்று மாதம் ஆகியும். அத்தை வீட்டில் பகல் முழுக்க நானும் லேப்டாப்பும்தான்.

ஆய்வு எங்கே நிற்கிறது என்று எனக்கே ஒரு தடவை எழுதிப் பார்த்துக்கொள்கிறேன். காரியாபட்டிப் பக்கத்துக் கண்மாய்களில் பயிருக்குப் போதுமான தண்ணீர் நூற்றுக்கு எத்தனை வருடம் நிற்கும்? இதுதான் கேள்வி. நிஜ மழைக் கணக்கு நாற்பது வருடத்துக்குத்தான் கிடைத்தது. அதே சாயலில் பத்தாயிரம் வருடத்து மழையைக் கம்ப்யூட்டருக்குள் பெய்ய வைக்கிறேன். ஒவ்வொரு வருடமும் ஜூன் ஒன்றில் கண்மாய் வறண்டு கிடக்கும். அங்கிருந்து, இன்றைய தண்ணீர் என்பது நேற்றைய தண்ணீரோடு இன்றைய மழையைக் கூட்டி, வெயில் குடித்ததையும் வயல் குடித்ததையும் கழித்தது. தரைக்குக் கீழே போக முடியாது. கரைக்கு மேலே போனால் மறுகாலில் வழிந்துவிடும்.

முதலில் தன்னைத்தானே கூப்பிட்டுக்கொள்ளும் ஃபங்ஷனாக எழுதினேன். டிசம்பர் பத்தாம் தேதியைக் கேட்டால் ஜூன் ஒன்று வரை பின்னால் போய்த் திரும்பி வரும். பதினொன்றைக் கேட்டால் மறுபடி ஜூன் ஒன்று வரை போகும். நேற்று போய்வந்ததே ஞாபகம் இருக்காது. அதை விட்டுவிட்டு இப்போது லூப், ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பச் செய்வது. நாள் நாளாக முன்னால் போகிறது. ஆனாலும் ஒரு கண்மாய்க்கு ஒரு பகலும் ஒரு இரவும் ஆகிறது. பன்னிரண்டு கண்மாய் இருக்கிறது.

செப்டம்பர் முடிவதற்குள் ஸ்ரீமதி மேடத்திடம் முடிவுகள் போக வேண்டும். என் நெறியாளர் அவர்தான். ஏற்கெனவே இரண்டு முறை நீட்டிப்பு வாங்கியாயிற்று. மூன்றாவது கிடையாது, பதிவே ரத்து.

ஆகஸ்ட் 7

போச்சு. எல்லாம் போச்சு.

அத்தை லேப்டாப் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கிரைண்டரைப் போட்டிருக்கிறார். பேட்டரி செத்து ஒரு வருடம் ஆகிறது. நேற்று ராத்திரியிலிருந்து ஓடியது அப்படியே அணைந்துவிட்டது.

"மாவு ஆட்டணும்னு பிடுங்குனேன் தாயி. அது சும்மாதான இருந்துச்சு? படமும் ஓடல, பாட்டும் ஓடல."

"சும்மா இல்ல அத்தை! உள்ள மழை பெஞ்சுக்கிட்டு இருந்துச்சு! உங்களுக்கு என்ன தெரியும்?"

கடைசியில் அப்படிக் கேட்டிருக்க வேண்டாம். அத்தை மாவை வழித்துவிட்டு போய்ப் படுத்துவிட்டார்.

ஆகஸ்ட் 9

கிரைண்டரைக் காணோம். அத்தையே பக்கத்து வீட்டு நாகையா அண்ணன் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டாராம். "உன் மழை முடியுற வரைக்கும் அங்கனயே ஆட்டிக்கிறேன்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

சாயங்காலம் நாகையா அண்ணன் தன் சார்ஜர் கெட்டுவிட்டதென்று போனுக்கு சார்ஜ் போட வந்தார். அத்தை அடுப்படியிலிருந்தே சத்தம் போட்டார். "ஏலே, அந்த சுவிட்ச் பக்கம் போயிராத! எம் மருமக உள்ள மழை பெய்ய வச்சுக்கிட்டு இருக்கா!"

அவர் கூரையை அண்ணாந்து பார்த்தார். எனக்கு அடக்க முடியவில்லை. அத்தையும் சிரித்துவிட்டார். மன்னிப்புக் கேட்க நினைத்து வைத்திருந்ததெல்லாம் அந்தச் சிரிப்பிலேயே போய்விட்டது. நல்லதுதான்.

ஆகஸ்ட் 12

மின்வாரியப் பராமரிப்பு. காலை முதல் மாலை வரை கரண்ட் இல்லை. அத்தை சுவிட்சுக்குக் காவல் இருக்கலாம், டிரான்ஸ்ஃபார்மருக்கு யார் இருப்பது? முடிய இன்னும் கொஞ்சம்தான் இருந்தது.

இடையிடையே சேமித்து வைக்கும்படி எழுதியிருக்கக் கூடாதா? எழுதவில்லை. இதை எழுதியது நான்தானா?

ஆகஸ்ட் 13

விட்டுடலாமா?

ஆகஸ்ட் 17, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுத வேண்டும்.

காளீஸ்வரனுக்கு இன்று லீவு. மதியம் சாப்பிட்டு முடித்ததும், ஆய்வை விட்டுவிடப் போகிறேன் என்று சொன்னேன். அவர் சொன்னார். "விடுறதுன்னா விடு. ஆனா எதை விடுறன்னு எனக்குச் சொல்லிட்டு விடு. மூணு மாசமா பாக்குறேன், அது என்ன செய்யுதுன்னே எனக்குத் தெரியாது."

லேப்டாப்பைத் திறந்து ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். கண்மாய், மழை, மறுகால். தலையாட்டிக்கொண்டே இருந்தார். லூப்புக்குள் வந்தேன். "இங்க இன்னிக்கித் தண்ணி எவ்வளவுன்னு கணக்குப் போடும். போட்டுட்டு, இதுவரைக்கும் உள்ள எல்லா நாளையும் எடுத்து, புது இடத்துல முதல்ல இருந்து நகல் எழுதி, கடைசியில இன்னிக்கி உள்ளதைச் சேர்க்கும். நாளைக்கு மறுபடி எல்லாத்தையும் எடுத்து…"

வாய் நின்றுவிட்டது.

என்ன சொன்னேன் நான்? ஒவ்வொரு நாளும் பழைய நாட்கள் அத்தனையையும் நகல் எடுக்கிறதா? கண்மாய்க் கணக்குக்கு நேரமே ஆகவில்லை. நாள் முழுக்க நகல்தான் எடுத்துக்கொண்டிருந்திருக்கிறது! பத்தாயிரம் வருடத்துக்கும் வேண்டிய இடத்தை முதலிலேயே ஒதுக்கி வைத்துவிட்டால்? அந்தந்த நாளை அதனதன் இடத்தில் போட்டால் போதும். எதையும் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம்.

திரும்பிப் பார்த்தால் அவர் சுவரில் சாய்ந்து நல்ல தூக்கம்.

"ஏங்க! எந்திரிங்க! எந்திரிங்க!"

"மழையா? மாடில துணி காயுதே!" என்று எழுந்து பாதிப் படி ஏறிவிட்டார்.

இரண்டு வரி மாற்றினேன். குக்கரில் பருப்பை வைத்துவிட்டு ஓட்டினேன். விசில் வருவதற்குள் ஒரு கண்மாய் முடிந்துவிட்டது. நம்பாமல் மறுபடி ஓட்டினேன். மறுபடியும் முடிந்தது. பருப்புதான் குழைந்து போனது.

அத்தை எட்டிப் பார்த்தார். "இம்புட்டுத்தானா? இதுக்கா நான் நாகையா வீட்டுக்கும் இங்கனயுமா மாவுச் சட்டியத் தூக்கிக்கிட்டு அலைஞ்சேன்?"

ஆகஸ்ட் 20

மேடத்துக்குப் போன் செய்தேன். சந்தோஷப்பட்டார். உடனே அடுத்த வேலையும் கொடுத்தார். "வெயில் எவ்வளவு குடிக்கும்ங்கிறதே உத்தேசம்தானே? அதைக் கொஞ்சம் கூட்டிக் குறைச்சு, ஒவ்வொரு கண்மாய்க்கும் ஆயிரம் ரெண்டாயிரம் தடவை ஓட்டிப் பாரும்மா. அப்பதான் உன் பதிலை நம்பலாம்."

நியாயம்தான். ஆனால் இந்த வேகத்திலும் அது செப்டம்பரைத் தாண்டும். முன்பு போல அழுகை வரவில்லை. எங்கோ இன்னொரு வழி இருக்கிறது என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது.

ஆகஸ்ட் 23

பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் காய் வாங்கிக்கொண்டிருக்கும்போது தோன்றியது. கத்தரிக்காயை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

நேற்று இல்லாமல் இன்று இல்லை. சரி. ஆனால் ஒரு வருடத்துக்கும் இன்னொரு வருடத்துக்கும் என்ன உறவு? ஒன்றுமே இல்லை. எல்லாம் வறண்ட கண்மாயில் தனித்தனியாகத் தொடங்குகிறவை. பிறகு ஏன் ஒரு வருடம் முடியும் வரை மற்றதெல்லாம் காத்துக் கிடக்க வேண்டும்? பத்தாயிரம் வருடத்தின் ஜூன் ஒன்றையும் ஒரே அடியில் கணக்குப் போடலாம். பிறகு எல்லா வருடத்தின் ஜூன் இரண்டு. லூப் நாட்களின் மேல் மட்டும் ஓடினால் போதும்.

லூப்பே கூடாது என்று எங்கோ படித்துப் பயந்துபோயிருந்தேன். லூப் மேல் தப்பில்லை. எதன் மேல் ஓடவிடுகிறோம் என்பதில்தான் இருக்கிறது.

எழுதி, என்டர் தட்டினேன். விரலை எடுக்கிறேன், பதில் வந்துவிட்டது. தனியாக உட்கார்ந்து கைதட்டினேன். பைத்தியம்!

ஆகஸ்ட் 24

ஐயோ. பழைய பதிலும் புதுப் பதிலும் ஒத்துப் போகவில்லை. வித்தியாசம் கொஞ்சம்தான். ஆனால் ஏன் வர வேண்டும்? வேகத்தில் எதையோ தொலைத்துவிட்டேனா? மூன்று தடவை படித்தும் தப்புத் தெரியவில்லை. அத்தை போட்ட தோசை ஆறிப் போனது.

ஆகஸ்ட் 25

விருதுநகரில் இருக்கும் பிரீத்திகாவைக் கூப்பிட்டேன். எனக்கு முந்தி ஆய்வுக்குப் பதிவு செய்தவள், எனக்கு முந்தியே தவிக்கத் தொடங்கியவள். முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டாள். "ஏண்டி, ரெண்டுலயும் ஒரே மழையா பெய்யுது?"

இல்லை! தற்செயல் மழையைப் பிறப்பிக்கக் கொடுக்கும் தொடக்க எண் இரண்டிலும் ஒன்றேதான். ஆனால் பழைய லூப் வருடம் வருடமாக மழையை எடுக்கிறது, புதியது நாள் நாளாக எடுக்கிறது. வரிசை மாறினால் மழையே வேறு. மழையை முதலில் தனியாகச் செய்து வைத்து, அதையே இரண்டுக்கும் கொடுத்தேன்.

கடைசித் தசமம் வரை ஒன்று! ஒன்று! ஒன்று!

பிரீத்திகா போனில் கத்தியது நாகையா அண்ணன் வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

செப்டம்பர் 12

விருதுநகர் போய் மேடத்திடம் காட்டினேன். அவர் அறையில் உள்ள பழைய கம்ப்யூட்டரிலேயே ஓட்டினேன். பன்னிரண்டு கண்மாயின் படங்களும் வரிசையாக வந்தன. மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"இன்னொரு தடவை ஓட்டும்மா."

ஓட்டினேன்.

"எங்கயாவது தப்பா மேடம்?"

"இல்லம்மா. பார்க்க நல்லா இருக்கு."

செப்டம்பர் 27

கொடுத்தாயிற்று. மேடம் கையெழுத்துப் போட்டுவிட்டார். காளீஸ்வரன் பாதி நாள் லீவு போட்டுக் கூட வந்தார். திரும்பும்போது எண்ணெய்ப் பரோட்டா சாப்பிட்டோம். அத்தைக்கும் கட்டி வாங்கினோம். பஸ்ஸில் நான் பேசிக்கொண்டே வந்தேன். இந்தத் தடவை அவர் தூங்கவில்லை.

அக்டோபர் 19

நாளை தீபாவளி. தெருவெல்லாம் வெடிச் சத்தம். முறுக்குப் பிழிந்து கை வலி. வேறொன்றும் இல்லை.

டிசம்பர் 20

துறையில் ஆராய்ச்சி மாணவர்களுக்கு ஒரு நாள் பயிற்சி. லூப் பகுதியை என்னை எடுக்கச் சொல்லியிருந்தார் மேடம். காலையில் கிளம்பும்போது, வேனுக்குக் காத்திருந்த அத்தை தன் தோழிகளிடம் என்னைக் காட்டிச் சொன்னார். "எம் மருமக பாடம் எடுக்கப் போறா. சீக்கிரம் முடிக்கிறது எப்படின்னு." ஒரு அம்மா கேட்டார்: "எதை?" "எல்லாத்தையும்தான்!" என்றுவிட்டு அத்தை வேனில் ஏறிக்கொண்டார்.

முதல் பத்து நிமிடம் திரையைப் பார்த்தே பேசினேன். பிறகு கண்மாய் வந்தது, மழை வந்தது, நேரம் போனதே தெரியவில்லை. முடித்து லேப்டாப்பை மூடும்போது பின் வரிசையிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். "மேடம், ஒரு சந்தேகம்."

ஸ்ரீமதி மேடம் எப்போது உள்ளே வந்தார் என்று வாசலைத் திரும்பிப் பார்த்தேன். அங்கே யாரும் இல்லை.