செவலையைக் கறக்கிறவர்

என்னங்க,

இட்லி ஹாட்பாக்ஸ்ல இருக்கு, சட்னி பிரிட்ஜ்ல. நானும் பக்கத்து வீட்டு கிளாராவும் புகேகோகே ஊருக்குக் கிளம்பிட்டோம். ஒண்ணு ரெண்டு மாடு வச்சிருக்கிற பொம்பளைங்க எல்லாம் இன்னிக்கு அங்க கூடுறோம். கையால கறக்கிறதை நான்தான் சொல்லித் தரணுமாம்.

செவலையை இன்னும் கறக்கல. வேணும்னுதான் விட்டுட்டுப் போறேன். போன ஞாயிறு கோயில்ல சபேசன் அண்ணன்கிட்ட, "எங்க மாட்டை தினமும் நான்தான் கறக்கிறேன்"னு மார்தட்டினீங்களே, நான் உங்க பின்னாடிதான் நின்னேன். அதைப் பார்க்கத்தான் அவர் இன்னிக்கு குடும்பத்தோட வர்றார். பத்து மணிக்கு பாபகூரா ரயில் ஸ்டேஷன்ல இறங்குவாங்க, போய்க் கூட்டிட்டு வாங்க. நடுவுல நான் எதுக்கு?

கன்னுக்குட்டியை முதல்ல ஊட்ட விடுங்க. பால் இறங்கினதும் பிரிச்சுக் கட்டிட்டு, மடியை வெதுவெதுப்பான தண்ணியில கழுவுங்க. காம்பைப் புடிச்சு இழுக்காதீங்க, அமுக்கிப் பீச்சுங்க. கம்பூட்ஸ் பின்வாசல்ல இருக்கு.

கோவம் எல்லாம் இல்ல. கொஞ்சம்தான்.

– தாரிணி

பி.கு: என் வாசனை இல்லாம யார் கிட்டப் போனாலும் செவலை உதைப்பா. எனக்குக் காய்ச்சல் வந்தப்போ கிளாராவே என் நைட்டியை மாட்டிக்கிட்டுதான் கறந்தா. அதே பூப்போட்ட நைட்டி கொட்டகை ஆணியில தொங்குது. துவைச்சிடாதீங்க.

இன்னொண்ணு, மறந்துட்டேன்: சபேசன் அண்ணன் பெரிய கேமரா கொண்டு வர்றாராம், கோயில் குரூப்ல போட. நைட்டி உங்களுக்கு முட்டி வரைக்கும்தான் வரும். கீழ பேன்ட் போட்டுக்குங்க.